சுண்ணாம்புப் பொட்டு வைத்த கட்டில்

1

ஆம்பூரில் என் தங்கை எஸ்தர் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு ஹாஜியார் வீட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சமையலறையில் உட்கார்ந்துகொண்டு ஆபரேட்டரிடம் ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வேன். அங்கே ஞாயிறு விடிந்து ஆராதனைக்குக் கிளம்புகிற நேரம். உலகத்தில் ஆம்பூர் என்று ஒரு ஊர் இருப்பதில் அந்தப் பெண்மணிக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம். சமீப காலமாக எனக்கும் லேசாக உண்டு.

போனை ஹாஜியார்தான் எடுப்பார். தோல் வியாபாரி. தூரம் அதிகமானால் குரலும் உயர வேண்டும் என்ற கொள்கை உடையவர். நவம்பரில் கூப்பிட்டபோதும் அப்படித்தான்.

"யாரு, டைப்பிஸ்ட் பையனா? இன்னா தம்பி, அங்க குளிரு ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதாங்க."

"இங்க கரண்ட்டு கம்மி. ஒரே பேஜாரு. சரி இரு, தங்கச்சிக்கு ஆள் வுடறேன்."

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் எஸ்தர் வரும்வரை எனக்கு ஆம்பூர் கேட்கும். யாரோ உருதுவில் யாரையோ திட்டுவார்கள். சைக்கிள் மணி அடிக்கும். பெங்களூர் ரயில் போகும். இந்தக் காத்திருப்புக்காகத்தான் போன் செய்கிறேனோ என்று சில சமயம் தோன்றும். எஸ்தர் வந்து பேச ஆரம்பித்ததும் அந்தச் சத்தமெல்லாம் நின்றுவிடும்.

"அண்ணா, டிசம்பர் ரெண்டாவது வாரம் வெள்ளையடிக்கிறோம்," என்றாள். "உன் கட்டிலு பரண்ல கீது. போன வருஷமே பொட்டு வச்சாச்சு. இந்த வருஷமாவது வர்றியா, இல்லியா?"

"பார்க்கலாம்."

"போன வருஷமும் பார்க்கலாம்னுதான் சொன்ன."

"போன வருஷம் வேலை..."

"வேலை எல்லாருக்கும்தான் கீது. சரி. வெள்ளையடிக்கிறதுக்குள்ள சொல்லு. அப்புறம் என்னைக் கேக்காத."

லைன் போய்விட்டது. ஆபரேட்டர் வந்து, பேசி முடித்தாயிற்றா என்று விசாரித்தார். ஆயிற்று என்றேன்.

2

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்களுக்கு மதக் கடமை மாதிரி. சுவிசேஷத்தில் எங்கும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நடுநாயகமாக அதைத்தான் சொல்லியிருக்கிறது என்று என் அம்மா நம்பினாள்.

அன்றைக்கு வீட்டிலிருக்கும் சாமான் அத்தனையும் வாசலுக்கு வந்துவிடும். அண்டா, ஆட்டுரல் குழவி, அப்பாவின் பெல்ட், நாங்கள் தோற்றுப்போன வகுப்புகளின் புத்தகங்கள், எல்லாம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சுவர் காய்ந்ததும் எது உள்ளே திரும்பிப் போகும் என்பதற்கு அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. அந்த வருடத்தில் பயன்பட்ட சாமான் நேராக உள்ளே போகும். பயன்படாததன்மேல் சுண்ணாம்பு வாளியில் விரலை விட்டு ஒரு பொட்டு வைத்து, பரணில் ஏற்றுவாள். அடுத்த வருடம் அதை இறக்கும்போது பொட்டைப் பார்ப்பாள். யாராவது எடுத்துப் புழங்கியிருந்தால் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும், சாமான் பிழைத்தது. பொட்டு வைத்தபடியே இருந்தால் பழைய இரும்புக்காரனிடம் போய், பேரீச்சம்பழமாகத் திரும்பி வரும்.

வாதாட இடம் கிடையாது. அப்பா தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஆபீஸில் டைப்பிஸ்ட். வெளிநாட்டுக்குத் தோல் வாங்குகிற கம்பெனிகளுக்கு அழகான இங்கிலீஷில் கடிதம் அடிப்பவர். அவருடைய கைப்பிடி உடைந்த குடையைக் காப்பாற்ற ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசிப் பார்த்தார். அம்மா பொட்டைக் காட்டினாள். நாங்கள் பேரீச்சம்பழம் சாப்பிட்டோம்.

என்னுடைய மடக்குக் கட்டில் இரும்புக் குழாயும் கித்தானும். கல்லூரி நாளிலிருந்து நான் படுத்தது. நான் புறப்பட்ட வருடமே அது பரண் ஏறியிருக்கும். சட்டப்படி மறு கிறிஸ்துமஸுக்கே பேரீச்சம்பழமாகியிருக்க வேண்டும். பதினோரு வருடமாகிறது, இன்னும் இருக்கிறது. யாராவது விருந்தாளி வருடத்துக்கு ஒருமுறை வந்து படுத்துவிட்டுப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். முகம் தெரியாத அந்த மனிதனுக்கு உள்ளூர நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பதினோரு வருடத்தில் நான் ஒரே தடவைதான் போனேன், அம்மா செத்தபோது. போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அந்த வாரம் முழுக்க விருந்தினர் கூட்டத்தில் பாயில்தான் படுத்தேன். கட்டிலைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. பரணை அண்ணாந்து பார்த்தேன், மூலையில் அதன் கால் தெரிந்தது. இருக்கிறது, போதும் என்று திரும்பிவிட்டேன்.

3

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அடித்தளமாக ஓடும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். நான் அதில் வேலை செய்கிறேன் என்று ஒருதரம் எழுதியதில், எஸ்தரின் வீட்டுக்காரர் என்னை அமெரிக்க ராணுவத்தில் சேர்த்துவிட்டார். திருத்தவில்லை. மரியாதை கூடியிருந்தது.

நான் இந்நாட்டுக்கு வந்த விதமும் வீரமானதல்ல. வேலூர் பாகாயத்தில் நர்ஸிங் படித்த என் மனைவி கிரேஸுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய இரண்டு பெட்டிகளோடு நானும் வந்தேன். அவள் உழைத்தாள், நான் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தேன். இப்போது வேலை செய்யும் கட்டடம் ஒரு காலத்தில் தோல் தொழிற்சாலையாக இருந்ததாம். சமுத்திரத்தைத் தாண்டி வந்து, ஒரு டேனரியிலிருந்து இன்னொரு டேனரிக்கு மாறியிருக்கிறேன். மழை பெய்தால் தரைப் பலகையிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பார்கள். நான் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வீட்டுக்குப் போவேன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மேஜையை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன மேஜை. வேலை நடப்பது அதன்மேல்தான். பின்னால் பெரிய அலமாரி. அதிலிருந்து ஒரு தாளை எடுத்து வர நேரமாகும். கம்ப்யூட்டரில் மேஜைக்கு மெமரி என்று பெயர், அலமாரிக்கு டிஸ்க். தாளுக்குப் பக்கம் என்றே பெயர். புதுப் பக்கம் ஒன்று வேண்டுமென்றால் மேஜைமேல் இருக்கும் ஏதாவது ஒன்று இடத்தைக் காலி செய்ய வேண்டும். எதைக் காலி செய்வது? என் சம்பளம் இந்தக் கேள்விக்குத்தான்.

அலமாரியில் கார்பன் காப்பி இருக்கிற பக்கம் என்றால் யோசிக்க வேண்டாம், கசக்கிப் போடலாம். வேண்டும்போது காப்பியை எடுத்துக்கொள்ளலாம். இதைச் சுத்தமான பக்கம் என்போம். ஆனால் மேஜைமேல் வந்த பிறகு அப்பா பென்சிலால் ஏதோ திருத்திவிட்டார் என்றால் அது அழுக்குப் பக்கம். திருத்தம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. முதலில் அதை அலமாரிக்கு அனுப்பி எழுதிவைக்க வேண்டும். அலமாரிப் பக்கத்திலிருந்து "வச்சாச்சு" என்று பதில் வரும்வரை மேஜைமேல் இருப்பதைத் தொடக் கூடாது. பதில் வராமல் தொட்டால் திருத்தம் போய்விடும். பிறகு நீங்கள் அந்தப் பக்கத்தைக் கேட்டால் பழைய காப்பிதான் வரும். பார்க்க ஒழுங்காகவே இருக்கும், அதுதான் ஆபத்து. நான் ஊரை நினைக்கும்போதெல்லாம் வருவது அப்படி ஒரு பழைய காப்பிதான். என் நினைப்பில் பாலாற்றங்கரை முழுக்க மணல், இப்போது அங்கே மணலே இல்லை என்கிறாள் எஸ்தர்.

மேஜை நிரம்பி வழிந்த பிறகு தேடக் கூடாது. காலியிடம் குறைய ஆரம்பித்ததுமே ஒரு ஆள் எழுந்து சுற்றக் கிளம்புவான். இவனுக்கு எங்கள் தொழிலில் பேய் என்று பெயர். நான் வைத்ததல்ல. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் யாராவது அதைத் தொட்டால் ஒரு அடையாளம் விழும். பேய் முதல் சுற்றில் அடையாளத்தை மட்டும் அழித்துவிட்டு, பக்கத்தை விட்டுவிடுவான். மறு சுற்றில் வந்து பார்ப்பான். அதற்குள் யாராவது தொட்டிருந்தால் புது அடையாளம் இருக்கும், பிழைத்தது. இல்லையென்றால் வெளியே.

மாலை வகுப்பில் இதை முதன்முதலாகக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா பொட்டு வைப்பாள், புழக்கம் அதை அழிக்கும். இங்கே பேய் அழிப்பான், புழக்கம் வைக்கும். மற்றபடி அதே சட்டம். வாத்தியார் நிறுத்தி, என்ன வேடிக்கை என்று மரியாதையாகக் கேட்டார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வெள்ளையடிப்பது என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பரண், பேரீச்சம்பழம், இரும்புக்காரன். ஒன்றுமில்லை ஸார் என்றேன். இந்த நாட்டில் நான் விளக்காமல் விட்ட சிரிப்புகளில் அது முதலாவது.

4

நவம்பர் முழுவதும் எங்கள் சோதனை மெஷின் ஒன்று படுத்தியது. டிஸ்க் விளக்கு ஓயாமல் மினுக்குகிறது, மெஷின் மூச்சிரைக்கிறது, வேலை மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. வேண்டிய பக்கத்தை வெளியே தள்ளுவதும், தள்ளியதையே அடுத்த நிமிடம் திரும்ப இழுப்பதுமாக முழுப் பொழுதும் போகிறது. இங்கே உட்கார்ந்து அங்கே நினைத்து, அங்கே போனால் இங்கே நினைக்கிற ஆளுக்கு இந்த வியாதி பழக்கமானதுதான். ஆனால் மெஷினுக்கு ஏன் வரவேண்டும்?

பேயைப் பின்தொடர்ந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. அவன் சுற்றுகிறான், அடையாளத்தை அழிக்கிறான், மறுபடி வருகிறான். எல்லாப் பக்கத்திலும் புது அடையாளம். எல்லாமே இப்போதுதான் யாரோ தொட்ட மாதிரி இருக்கிறது. எது கிடக்கிறது, எது வேலை செய்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு எதையோ தூக்கி எறிகிறான்.

தொட்டது யார்? எந்த நிரல் எத்தனை பக்கம் வைத்திருக்கிறது என்று எண்ணிப் படம் போட்டுக் காட்டும் ஒரு குட்டி நிரல். எண்ணுவதற்காக ஒவ்வொரு பக்கத்தையும் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பதும் தொடுவதுதான். அதை ஆசையாக எழுதியவர் என் மேலதிகாரி பாப்.

மேலதிகாரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஆம்பூரில் எனக்குத் தெரியும். இங்கே தெரியாது. நேராகவே சொல்லிவிட்டேன். பாப் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார்.

"நான் எல்லாத்தையும் தலையைத் தடவிக் கொடுத்துட்டே இருந்திருக்கேன். அதனால எதுக்கும் வயசாகல. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அதை எடுத்துரு," என்றார். எடுத்தேன். மெஷின் பெருமூச்சு விட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கியது. பாப் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். என்னை என்றா சொன்னேன்? இங்கே என் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கை தட்டினார்கள். ஆம்பூரை விட்டு வாலாஜாபேட்டைக்கு அந்தப் பக்கம் போகாத ஒரு டைப்பிஸ்ட், அமெரிக்காவில் நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

5

அதே வாரம் குடியேற்ற அலுவலகத்தில் ஒரு நாள் போயிற்று. நிரந்தர விலாசம் என்ற இடத்தில் நான் வழக்கம்போல ஆம்பூர் விலாசத்தை எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் பேனாவை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இங்கே யார் இருக்கிறார்கள்?"

"என் தங்கை."

"நீங்கள்?"

"நான் இங்கே. ஆனால் நிரந்தரம் என்றால்..."

"நிரந்தரம் என்றால் நீங்கள் தூங்குகிற இடம், ஸார்."

கோபமில்லாமல் அதன்மேல் கோடு கிழித்தாள். அடித்த எழுத்துக்கு மேலே இந்தத் தெருவின் பெயரை நானே எழுதினேன். வழியெல்லாம் கட்டில் ஞாபகம்.

வீட்டில் என் மகள் ஷீலா, ஒன்பது வயது, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் தமிழில் பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் இப்போது ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. புழங்காதது போகும் என்பதை நான் தொழிலாகவே செய்கிறவன், அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன மாதம் 'கொசு' போனது. இந்த ஊர்க் குளிரில் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கட்டில் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அங்கே உங்களுக்கு ஒரு படுக்கை இருக்கா?"

"இருக்கு. பரண்மேல."

"அப்ப நாம இங்கே இருக்கிறது டூரா?"

இல்லை என்றேன். நீண்ட டூர் என்றால் பதினோரு வருடம் எடுக்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு, மறுபடி தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டாள்.

கிரேஸ் ராத்திரி டூட்டி. அவள் வீட்டுக்குள் வரும்போது நான் வெளியே போவேன். நான் வரும்போது அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் தாம்பத்தியத்தின் பெரும்பகுதி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அன்றைக்கும் அங்கேதான் சொன்னேன்.

"எஸ்தர் கேக்குறா. வரலைன்னா கட்டிலைப் போட்டுருவாளாம்."

"கட்டிலுக்காக யாராவது ஏரோப்ளேன் ஏறுவாங்களா?" என்றாள். ஷூ லேஸைக் கட்டி நிமிர்ந்த பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மருத்துவமனையில் சார்ட்டைப் பார்ப்பது மாதிரி.

"போறதுன்னா போய்ட்டு வாங்க. எனக்கு லீவ் கிடைக்காது. ஷீலாவை நான் பார்த்துக்குவேன்."

"திரும்பி வந்தா இங்க என் இடம் இருக்குமில்ல?"

"பார்க்கலாம்," என்றாள். சிரித்துக்கொண்டுதான். கார் கிளம்பிப் போகும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்தச் சொல் மறுமுனையில் எப்படிக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

6

டிசம்பரில் சனிக்கிழமைக்குக் காத்திராமல், வெள்ளிக்கிழமை ராத்திரியே மறுபடி கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று தீர்மானித்து வைத்திருந்தேன். ஆபீஸில் புது நிரல் வெளியீட்டு வேலை இருக்கிறது, வர முடியாது. கட்டிலைப் போட்டுவிடு. எனக்கு அது மனப்பாடம், கித்தான் எங்கே தொய்வு, எந்தக் கால் ஆடும் எல்லாம் தெரியும். காப்பி என்னிடம் இருக்கிறது, சுத்தமான பக்கம். இப்படிப் பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவது.

"இன்னா தம்பி, வர்றியாமே," என்றார் ஹாஜியார்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கேக்குறேன். இரு."

ரிசீவர் மேஜைமேல் விழுந்தது. ஆம்பூர் கேட்டது. இந்த முறை யாரோ தரையில் வாளியை இழுக்கும் சத்தமும் கேட்டது. எஸ்தர் வந்தாள்.

"சொல்லு அண்ணா. எல்லாம் வெளிய எடுத்துப் போட்டாச்சு. தெருவே வேடிக்கை பாக்குது."

"கட்டில்?"

"அதுவும்தான். உன் மாப்பிள்ளை இறக்கி வச்சுட்டாரு. பொட்டு அப்படியே கீது, பளிச்சுன்னு."

"இத்தனை வருஷம் எப்படி இருந்தது எஸ்தர்? யாரு படுத்தா அதுல?"

"யாரும் படுக்கல."

"அப்ப பொட்டு?"

லைனின் இரைச்சலுக்குள் எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் அழிச்சேன்," என்றாள். "வெள்ளையடிக்கிறதுக்கு மொத நாள் பரண்ல ஏறி, முந்தானையால தொடச்சுட்டு வந்துடுவேன். மறுநாளு புதுப் பொட்டோட திரும்பப் பரண் ஏறிடும். அம்மா இருக்கச்சேயும் நான்தான். அம்மாவுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். ஒண்ணும் சொல்லல."

தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்ததால் எதற்கும் வயசாகவில்லை. நான் நவம்பர் முழுக்கத் தேடிப் பிடித்து, எடுத்து எறிந்து, கைதட்டல் வாங்கிய வேலை.

"இந்த வருஷம் முடியல," என்றாள். "முட்டி ரெண்டும் போச்சு. ஏணியில கால் வைக்க முடியல. அதுவுமில்லாம..."

"இன்னா?"

"சலிச்சுப் போச்சுண்ணா. நீ படுத்த மாதிரி நானே எத்தினி வருஷம் அழிக்கிறது? இரும்புக்காரன் சாயந்திரம் வர்றான். இப்பல்லாம் பேரீச்சம்பழம்கூடக் குடுக்கறதில்ல, பிளாஸ்டிக் பக்கெட்டுதான். வேணும்னா சொல்லு, உள்ள எடுத்து வைக்கிறேன். ஆனா நீ வந்து படுத்துத்தான் அந்தப் பொட்டு போகணும். நான் கை வைக்க மாட்டேன். வர்றியா, போடட்டுமா?"

தீர்மானித்து வைத்திருந்த பெருந்தன்மையைத் தேடினேன். கட்டிலுக்கு என்னிடம் காப்பி இருந்தது, உண்மைதான். ஆனால் அம்மா வைத்த பொட்டும், அதை இவள் துடைத்த முந்தானையும், துடைத்ததைத் தெரிந்தும் பேசாமலிருந்த அம்மாவும் என் காப்பியில் இல்லை. அது அங்கே அந்த இரும்புக் குழாயின்மேல் மட்டும் இருந்தது. அந்த வாசலில், வெயிலில், தெருவே பார்க்க.

"வர்றேன்," என்றேன். "போட்டுடாத. உள்ள எடுத்து வை. வர்றேன்."

பதில் இல்லை. இரைச்சலும் இல்லை. எப்போது லைன் போனது என்று தெரியவில்லை, நான் சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா. ஆபரேட்டர் வந்து, பேசி முடித்தாயிற்றா என்று கேட்டார். இல்லை, மறுபடி போடுங்கள் என்றேன். போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். இந்தியாவுக்கான பாதை எல்லாம் நிறைந்திருக்கிறது, நாளைக்கு முயலுங்கள் என்றார். இரும்புக்காரன் அங்கே சாயந்திரம் வருகிறான். இங்கே நாளை விடிவதற்குள் அங்கே அந்தச் சாயந்திரம் முடிந்துவிடும்.

ஷீலா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள் என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

"தெரியலம்மா," என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லைன் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பாப்பிடம் லீவ் கேட்டேன். வெளியீட்டு நேரத்தில் என்ன அவசரம் என்றார். ஒரு பக்கத்தை எழுத அனுப்பியிருக்கிறேன், வச்சாச்சு என்று பதில் வரவில்லை என்றேன். இந்தத் தொழிலில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. போய்ப் பார்த்துட்டு வா என்றார்.